கொன்சோல் விற்பனைக் கணக்கு எழுதும் பிள்ளைக்கு எந்தப் பிரிவு?

அன்புள்ள அம்மாவுக்கு,

"இவன் கேம் விளையாடுறதுகூடக் குறைவு மிஸ். எந்த மெஷின் எந்த நாட்டில எத்தனை வித்தது எண்டு இரவிரவாப் பாத்துக் கொப்பியில எழுதிக்கொண்டு இருக்கிறான். இது படிப்புக்கு உதவுற விசயமா, இல்லாட்டி இப்பவே நிப்பாட்ட வேணுமா?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். கேம் விளையாடும் மெஷினான கொன்சோலின் கணக்கு எழுதும் பிள்ளையை உயர்தரத்தில் எந்தப் பிரிவில் விடுவது என்பதும் உங்கள் கேள்வி. தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று நேரம் போதவில்லை. கொப்பியை என்னிடம் விட்டுவிட்டுப் போனதால் ஆறுதலாக இருந்து பார்த்தேன். நிப்பாட்ட வேண்டாம். ஆனால் இப்போது போகிறபடியே விடவும் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள், அவருக்குத்தான் கூடக் கவலை என்று விளங்கியது.

கொப்பியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நல்ல தடித்த சி.ஆர். கொப்பி. பிளேஸ்டேஷன் செய்யும் சொனிக்கு நீலம், நின்டென்டோவுக்குச் சிவப்பு, மைக்ரோசொஃப்ட்டின் எக்ஸ்பொக்ஸுக்குப் பச்சை என்று கட்டம் கீறி, 1990களிலிருந்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். நின்டென்டோ டிஎஸ் என்ற கைக் கருவி 154 மில்லியன், அதே கம்பனியின் வீ 101 மில்லியன், அதற்குப் பிறகு வந்த வீ யூ வெறும் 13.5 மில்லியன், சேகாவின் ட்ரீம்காஸ்ட் 9 மில்லியன். நான் ஒத்துப் பார்த்த இலக்கங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. பதினாறு வயதுப் பிள்ளை யாரும் சொல்லாமல் இப்படி ஒழுங்காகத் தரவு சேர்ப்பதை நான் அடிக்கடி காண்பதில்லை.

ஆனால் அந்தப் பச்சைக் கட்டங்களில்தான் தம்பிக்கு ஒரு பாடம் இருக்கிறது. எத்தனை எக்ஸ்பொக்ஸ் விற்றது என்று அறிவிப்பதை மைக்ரோசொஃப்ட் 2015இல் நிறுத்திவிட்டது. தம்பியின் கொப்பியிலோ 2015க்குப் பிறகும் பச்சைக் கட்டங்கள் ஒன்றுவிடாமல் நிரம்பியிருக்கின்றன. அவை வெளியில் உள்ளவர்களின் மதிப்பீடுகள். கம்பனி தன் முதலீட்டாளர்களுக்குச் சொன்ன கணக்கும், யாரோ ஒருவர் ஊகித்த கணக்கும் ஒரே பேனையால், ஒரே அளவு எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இதைத்தான் முதலில் திருத்த வேண்டும். ஊகத்தைப் பென்சிலால் எழுதட்டும், அறிவித்ததைப் பேனையால் எழுதட்டும். ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்தத் திகதியில் என்று ஒரு சின்னக் குறிப்பும் வேண்டும்.

இன்னொன்று. கடைக்கு அனுப்பியதும் ஆட்கள் வாங்கியதும் ஒன்றல்ல. தொழிற்சாலையிலிருந்து கடைகளுக்குப் போன பெட்டிகளின் எண்ணிக்கையைத்தான் கம்பனிகள் பெரும்பாலும் காலாண்டு அறிக்கையில் போடும். கடைத் தட்டில் தூசி படிந்து கிடக்கும் பெட்டியும் அந்தக் கணக்கில் அடங்கும். தம்பி இரண்டையும் ஒரே நிரலில் கலந்துவிட்டார். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் ஒரு கடைக்காரரிடம் போய், எடுத்த சரக்கில் எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உடனே பிடிபடும்.

மூடிவைத்த கணக்கு எப்படி வெளியில் வரும் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அக்டிவிஷன் பிளிஸார்ட் என்ற கேம் நிறுவனத்தை 68.7 பில்லியன் டொலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசொஃப்ட் 2022 ஜனவரியில் அறிவித்தது. அவ்வளவு பெரிய கொள்முதலுக்குப் பல நாடுகளின் போட்டி ஒழுங்குமுறை அமைப்புகள் சம்மதிக்க வேண்டும். பிரேசிலின் அமைப்புக்குக் கொடுத்த ஆவணத்தில், முந்தைய தலைமுறைக் கொன்சோல்களில் சொனி தங்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விற்றது என்று மைக்ரோசொஃப்ட்டே எழுதிக் கொடுத்தது. முதலீட்டாளருக்குச் சொல்லாமல் வைத்திருந்த விஷயம், "நாங்கள் சின்ன ஆள்தான், எங்களைத் தடுக்காதீர்கள்" என்று காட்ட வேண்டி வந்தபோது வெளியே வந்துவிட்டது. அதற்கு முந்தைய வருடம், 2021 மே மாதம், அமெரிக்காவில் எபிக் என்ற கேம் கம்பனியும் அப்பிளும் மோதிய வழக்கில் மைக்ரோசொஃப்ட் அதிகாரி ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்று, எக்ஸ்பொக்ஸ் பெட்டியை விற்பதில் கம்பனி ஒருபோதும் இலாபம் பார்த்ததில்லை என்றார். இப்படிப்பட்ட ஆவணங்களைத் தேடிப் பிடித்து வாசித்து, இதற்கு அர்த்தம் இதுதான் என்று எழுதுவதற்குச் சம்பளம் கொடுக்கும் வேலை உலகத்தில் இருக்கிறது அம்மா. கொழும்பிலும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெட்டியில் இலாபம் இல்லையென்றால் ஏன் விற்கிறார்கள் என்று அப்பா கேட்பார். பிரின்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு மையில் காசு பார்ப்பதைப் போலத்தான். கொன்சோல் ஒரு வீட்டுக்குள் போய்விட்டால், அதற்காக டிஜிட்டலில் விற்கும் கேம்களில் ஏறத்தாழ 30 சதவீதம் கொன்சோல்காரருக்கு. மாதச் சந்தா வேறு. ஆகவே "யார் கூடுதலாக விற்றது" என்ற ஒரு கேள்வியோடு நின்றால் அரைவாசிக் கதைதான் கிடைக்கும். மைக்ரோசொஃப்ட் தன் கேம்களைப் பிளேஸ்டேஷனிலும் விற்கத் தொடங்கியிருப்பது இதனால்தான். பெட்டிப் போட்டியில் பின்தங்கினாலும் மற்றவனின் பெட்டி வழியாக உழைக்கலாம் என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். சேகாவும் 2001இல் கொன்சோல் செய்வதை விட்டுவிட்டு, மற்றவர்களின் பெட்டிகளுக்குக் கேம் செய்யும் கம்பனியாக மாறியது. இன்றும் நிற்கிறது.

தம்பியின் கொப்பியில் நான் தேடிக் கிடைக்காதது "ஏன்" என்ற நிரல். 13.5 மில்லியனோடு வீ யூவில் விழுந்த அதே நின்டென்டோ, 2017 மார்ச்சில் சுவிட்சைக் கொண்டுவந்து 150 மில்லியனைத் தாண்டியது எப்படி? வீ யூ என்றால் பழைய வீக்கு ஒரு உதிரிச் சாமானா, புது மெஷினா என்று வாங்குபவர்களுக்கே விளங்கவில்லை. வெளிக் கம்பனிகளும் அதற்குக் கேம் செய்வதைக் கைவிட்டன. சுவிட்சோ கையிலும் விளையாடலாம், டிவியிலும் விளையாடலாம் என்று ஒரே வரியில் சொல்லக்கூடிய சாமான். அத்தோடு, வீட்டு மெஷினுக்கு ஒரு குழு, கைக் கருவிக்கு ஒரு குழு என்று இரண்டாகப் பிரிந்திருந்த உழைப்பு ஒரே கருவிக்குப் போனது. இதைத் தம்பி தன் சொல்லில் ஒரு பக்கம் எழுதினாரென்றால் உயர்தர வணிகக் கல்வி ஆசிரியரே மெச்சுவார்.

விலையிலும் இப்போது புதுக்கதை. முன்பெல்லாம் கொன்சோல் விலை வருடத்துக்கு வருடம் இறங்கும். 2000இல் அமெரிக்காவில் 299 டொலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009இல் 99 டொலர். இந்தத் தலைமுறையில் விலை ஏறுகிறது. 2020இல் 499 டொலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 அங்கே 2025 ஓகஸ்டில் 549 ஆனது. எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ் அதே வருடத்தில் இரண்டு தடவை ஏறி 649 ஆனது. சிப் செய்யும் செலவு முன்னைப்போலக் குறைவதில்லை, அமெரிக்கத் தீர்வையும் சேர்ந்துகொண்டது. நம் பிள்ளைகளுக்கு இதன் மேல் இன்னொரு அடி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் மட்டில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 499 டொலர்ச் சாமான் ஒரு இலட்சத்திலிருந்து 1 இலட்சத்து 80 ஆயிரமானது, வரியைச் சேர்க்காமலே. டோக்கியோவில் யாரும் விலையைத் தொடவில்லை. நாணய மாற்று வீதம் என்றால் என்ன என்பதைப் பாடப்புத்தகத்தில் வாசிக்க முதலே தம்பிக்குத் தெரியும் என்றால், காரணம் இந்தக் கொப்பிதான்.

இனி பிரிவுக்கு வருவோம். சாதாரண தரத்தில் கணிதம் பி, வணிகமும் கணக்கீடும் ஏ, ஆங்கிலம் சி. அப்பா கணிதப் பிரிவு என்கிறார், கேம் என்றால் கம்பியூட்டர்தானே, எஞ்சினியராகட்டும் என்கிறார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2002 முதல் 2015 வரை நின்டென்டோவை நடத்திய சட்டோரு இவாட்டா, புரோகிராமராகத் தொடங்கித் தலைவரானவர். ஆனால் தம்பியிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: கேம் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்திருக்கிறாயா? இல்லை என்று தலையாட்டினார். ஒரு வரி புரோகிராமும் எழுதிப் பார்த்ததில்லை. எப்படி விற்கிறது, ஏன் விற்கவில்லை என்பதில்தான் அவருடைய மனம் முழுக்க. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றையும் இரண்டரை வருடம் விருப்பமில்லாமல் சுமந்துகொண்டு, வெள்ளவத்தை ரியூஷன் வகுப்புகளுக்கு மாறி மாறி ஓட வைக்க வேண்டாம். வர்த்தகப் பிரிவில் விடுங்கள். இதில் நான் உறுதியாக நிற்கிறேன்.

பொருளியலும் கணக்கீடும் கட்டாயம் எடுக்கட்டும். மூன்றாவது பாடத்தை முடிவுசெய்ய முன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து, தம்பி விரும்பும் பட்டப்படிப்புக்கு எந்தப் பாடச் சேர்க்கை ஏற்கப்படும் என்று ஒரு தடவை பாருங்கள். சிநேகிதர் எடுக்கிறார் என்பதற்காக எடுக்கக் கூடாது. கொழும்பு மாவட்டத்தில் முகாமைத்துவத்துக்கும் வணிகத்துக்கும் வெட்டுப்புள்ளி உயரம், கடும் போட்டி. அதனால் பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் என்ன வழி என்பதையும் இப்போதே யோசித்து வைத்திருப்பது நல்லது. அப்பா சொன்ன சீமாவை, அதாவது முகாமைக் கணக்கீட்டுத் தகைமையை, நான் மறுக்கவில்லை, அது நல்ல மாற்றுவழி. பட்டத்தோடு சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது. நிதி ஆய்வுப் பக்கம் மனம் போனால், பிறகு சி.எஃப்.ஏ. என்ற சர்வதேச நிதி ஆய்வாளர் தகைமை. மூன்று கட்டப் பரீட்சை, கடினம்தான், ஆனால் இந்தத் துறையில் அதற்கு நல்ல மதிப்பு.

வேலை எங்கே? வெளிநாட்டு முதலீட்டு வங்கிகளுக்கும் நிதியங்களுக்கும் கம்பனி ஆய்வறிக்கை செய்து கொடுக்கும் நிறுவனங்கள் கொழும்பில் பல வருடங்களாக இயங்குகின்றன. அக்குயிட்டி அவற்றில் ஒன்று. அங்கே வேலைக்குச் சேரும் பிள்ளை செய்வது என்ன? ஒரு கம்பனியின் காலாண்டு அறிக்கையை வாசித்து, இலக்கங்களை எக்செலில் போட்டு, அடுத்த காலாண்டுக்கு மதிப்பீடு செய்து, ஏன் அப்படி நினைக்கிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதுவது. தம்பி சி.ஆர். கொப்பியில் செய்வதன் பெரிய வடிவம்தான். கொன்சோலைப் பற்றியே எழுதக் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். சீமெந்து, வங்கி, மருந்து என்று எதுவும் வரலாம். இதைத் தம்பிக்கு இப்போதே சொல்லி வையுங்கள். சந்தை ஆய்வு நிறுவனங்களும், பெரிய கம்பனிகளின் விற்பனைத் தரவுப் பிரிவுகளும் இதே திறமையைத்தான் தேடுகின்றன.

கேம் கம்பனிக்குள்ளேயே வேலை என்ற கனவு தம்பிக்கு இருக்கிறது. அதை நான் உடைக்க விரும்பவில்லை, மறைக்கவும் மாட்டேன். அந்த வேலைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும். 2024 ஜனவரியில் மைக்ரோசொஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை நிறுத்தியது, அடுத்த மாதமே சொனி 900 பேரை. சந்தையில் முந்தி நிற்கும் சொனியே ஆட்களைக் குறைக்கிறது என்றால், ஒரே கதவை நம்பி நிற்கக் கூடாது. கையில் இருக்கும் திறமை பத்துத் துறைக்குச் செல்லுபடியாகும் திறமையாக இருக்க வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அந்த ஆங்கிலம் சி. அறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில்தான். நின்டென்டோவும் சொனியும் வழமையாக பெப்ரவரி, மே, ஓகஸ்ட், நவம்பர் மாதங்களில் காலாண்டுப் பெறுபேறுகளை வெளியிடும், யாரும் இலவசமாக இறக்கி வாசிக்கலாம். அடுத்த அறிக்கை வர ஒரு கிழமைக்கு முன், எத்தனை விற்றிருக்கும், ஏன் என்று தம்பி ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதட்டும். பிழை பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. அறிக்கை வந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எங்கே தவறியது என்று இன்னொரு பக்கம். வருடத்துக்கு நாலு தடவை. உயர்தரம் முடியும்போது கையில் ஒரு கோவை சேர்ந்துவிடும், நேர்முகப் பரீட்சைக்கு அதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியாது. இரவிரவாக முழிப்பது மட்டும் வேண்டாம். அறிக்கை காலையிலும் அங்கேயேதான் இருக்கும். பரீட்சைக்கு முந்தைய மூன்று மாதம் கொப்பி அலுமாரிக்குள்.

கடைசியாக, சுவிட்ச் 2 வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 2025 ஜூன் 5ஆம் திகதி வந்து நாலு நாளில் 3.5 மில்லியன் விற்ற சாமான், பிள்ளை ஆசைப்படுவது இயல்பு. வந்தபோது விலை 450 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 135,000, வற் வரியும் கடைக்காரர் இலாபமும் அதற்கு மேல். இந்த வருடம் வேண்டாம் என்பேன். அந்தக் காசில் பாவித்த மடிக்கணினி ஒன்றும் ஆங்கில வகுப்பும் எக்செல் வகுப்பும் பார்க்கலாம். வீட்டில் இருக்கும் கணினி எட்டு வருடப் பழசு என்று தம்பி சொன்னார். விலை இறங்கும், அப்போது வாங்குவோம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். இறங்காது என்பதற்கு அவருடைய கொப்பியிலேயே கணக்கு இருக்கிறது. காரணத்தை நேரே சொல்லுங்கள், அவருக்கு விளங்கும். கொப்பியை வரும் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பென்சிலும் அழிறப்பரும் கொண்டு வரட்டும். பச்சைக் கட்டங்களை இருவருமாக இருந்து பார்த்து முடித்துவிடுவோம்.