ஸ்பூல் சுழலும் பழைய தூண்டில் றீலுக்கு வீட்டிலேயே வீச்சு பிரேக் செய்யலாமா?

செய்யலாம். பிரேக் இல்லாத பழைய றீல், முல்லைத்தீவுக் கரையில் ஈயம் எறியும்போதெல்லாம் தங்கூசி (நைலான் நூல்) சிக்காகிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்பூல், அதாவது தங்கூசி சுற்றியிருக்கும் உருளை, அலுமினியமா என்று முதலில் பாருங்கள். அலுமினியமென்றால் நாலைந்து சிறு காந்தங்களே போதும், றீலில் ஒரு துளைகூடப் போட வேண்டாம்.

தடியை வீசி முடிக்கிற கணத்தில் ஸ்பூல் உச்ச வேகத்துக்குப் போய்விடும், ஈயமோ காற்றில் போகப் போக வேகம் குறையும், ஸ்பூல் மட்டும் அதே வேகத்தில் சுற்றித் தேவைக்கு மேல் தங்கூசியை அவிழ்த்துவிடும், அதுதான் சிக்கு. பலர் பக்கத்துத் திருகை இறுக்கிச் சமாளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இறுக்கம் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவில் பிடிப்பதால் தூரம் வீணாகக் குறைகிறது. காந்தம் அப்படியில்லை. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, ஆனால் அதன் முன்னால் அலுமினியம் சுழன்றால் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி அந்தச் சுழற்சியையே எதிர்க்கும். வேகம் கூடினால் பிடி கூடும், தணிந்தால் தானாகவே விட்டுவிடும். ஸ்பூலை விரலால் சுண்டிச் சுழலவிட்டு, காந்தத்தை விளிம்புக்கு 2 மில்லிமீற்றர் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமலேயே எண்ணெய்க்குள் சுழல்வதுபோல் மெதுவாகும். பிளாஸ்டிக் ஸ்பூலில் ஒன்றும் நடக்காது. பித்தளையில் நடக்கும், ஆனால் பலம் குறைவு.

சரி, வேலை இதுதான். கைபிடி இல்லாத பக்கத்துத் தட்டைக் கழற்றி, உட்புறத்தில் 1 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு இரும்பு வளையத்தை எபொக்சி பசையால் ஒட்டுங்கள். அச்சுக்குக் கிட்ட வேண்டாம், ஸ்பூலின் வெளிவிளிம்புக்கு நேராக இருக்கட்டும், உலோகம் வேகமாக ஓடுவது அங்கேதான். அதன்மேல் வட்டமான நியோடைமியம் காந்தங்களை ஒன்று வடக்கு, அடுத்தது தெற்கு என்று மாற்றி மாற்றி வையுங்கள், இரும்பில் தாங்களாகவே ஒட்டிக்கொள்ளும். ஸ்பூலுக்கும் காந்தத்துக்கும் இடையில் ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி. ஸ்பூலை இடமும் வலமும் அசைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் ஆடினாலும் உரசாது என்று தெரிந்த பிறகு மூடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றும் காந்தமும் நல்ல பலமானது, ஆனால் வெட்டப் போகாதீர்கள், நொறுங்கிவிடும்.

எத்தனை காந்தம் என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கும். வாடைக்காலத்தில் முல்லைத்தீவில் காற்று கடலிலிருந்து முகத்துக்கு நேரே வரும், ஈயம் சட்டென்று வேகம் இழக்கும், அப்போது கூடுதலாக வையுங்கள். சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, முதுகுப் பக்கம் இருந்து தள்ளும்போது ஒன்றிரண்டைக் கழற்றிவிடலாம், பாரை மீனுக்கு எறியும் தூரம் நன்றாகவே கூடும். ஈயம் தண்ணீரில் விழும்போது மட்டும் பெருவிரலால் ஸ்பூலை அமத்தத்தான் வேண்டும், அந்த வேலையைக் காந்தம் செய்யாது. முத்தையன்கட்டுக் குளத்திலோ இரணைமடுக் குளத்திலோ பாரமில்லாத இரை போட்டு விரால் பிடிக்க இந்த மெனக்கெடல் தேவையில்லை, ஸ்பூல் சுழலாத சாதாரண றீல்தான் அதற்குச் சரி.

பராமரிப்பில் இரண்டு விஷயம். நியோடைமியம் உப்புத்தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடிக்கும், வைக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் நகப்பூச்சு இரண்டு தரம் பூசிக் காயவிடுங்கள். அடுத்தது மண். புல்மோட்டையிலிருந்து கொக்கிளாய்ப் பக்கம் கரையில் கிடக்கும் கறுப்பு மண்ணில் இல்மனைட் என்ற இரும்பு கலந்த கனிமம் இருக்கிறது, பலமான காந்தம் அதை இழுத்துக்கொள்ளும். றீலை அங்கே மணலில் வைக்கவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் தட்டைக் கழற்றிப் பார்த்தால் காந்தத்தின் ஓரத்தில் கறுப்பாகத் துருத்திக்கொண்டிருக்கும், துணியால் துடைத்தால் போகாது, ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தால் முழுக்க வந்துவிடும்.