படைப்புழு சாகவில்லையா? குருத்தைப் பாருங்க

மெத்தாக்ஸிஃபெனோசைடு அடித்து 2 நாளாகியும் மக்காச்சோளத்தில் படைப்புழு உயிரோடு இருக்கு, வேற மருந்து அடிக்கவான்னு கேட்டிருந்தீங்க அண்ணா. பொறுங்க. இது நரம்பைத் தாக்கும் மருந்து இல்லை. தோலுரிப்பைத் தூண்டும் எக்டைசோன் ஹார்மோனைப் போலவே வேலை செய்யும். புழுவின் உடம்பில் இயல்பான எக்டைசோன் அளவு ஏறி, பிறகு குறைந்தால்தான் பழைய தோல் கழலும். மருந்தோ உடம்பில் குறையாமல் நிற்கும். அதனால் நேரங்கெட்ட நேரத்தில் தோலுரிப்பு தொடங்கிப் பாதியில் சிக்கிக்கொள்ளும். தீனி சீக்கிரமே நின்றுவிடும். சாகத்தான் சில நாள் பிடிக்கும்.

காலையில் குருத்தை விரித்துப் பாருங்க. ஈரமான புது எச்சம் இல்லாமல், புழுவின் பழைய தலை ஓடு கழலாமல் முன்னால் சரிந்திருந்தால் மருந்து பிடித்துவிட்டது. புது எச்சம் குவிந்திருந்தால் மருந்து குருத்துக்குள் இறங்கவில்லை. மருந்து பட்ட இலையைப் புழு தின்றாகணும்.