அரிப்பு சூட்டுக்கும் சொறிதலுக்கும் அடங்குவது ஏன்?

கருணைக்கிழங்கு சீவினால் கை அரிக்கிறது, தணலில் காட்டினால் அடங்கிவிடுகிறது, இதில் மூளைக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிழங்கில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் தோலில் குத்துவதால்தான் அரிக்கிறது. காரைக்குடிப் பக்கம் ஆச்சிமார்கள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் அரிவாள்மனையில் உட்காருவார்கள். அதையும் மீறி அரித்தால் தணல். சூடோ நகமோ தரும் சிறு வலி தண்டுவடத்துக்குப் போய், அங்கே அரிப்புச் செய்தியை அடக்கும் நரம்பணுக்களைத் தூண்டிவிடுகிறது. அதனால் மூளைக்குப் போகும் அரிப்புச் செய்தி அங்கேயே குறைந்துவிடுகிறது.

லேசான வலிதான் அரிப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தண்டுவடத்தை ஒட்டி மார்ஃபின் செலுத்தினால் வலி மறையும். ஆனால் பலருக்கு மூக்கும் முகமும் அரிக்கத் தொடங்கும். அரிப்பும் வலியின் ஒரு வகை என்றால் அதுவும் சேர்ந்தே மறைந்திருக்க வேண்டாமா? தண்டுவடத்தில் அரிப்புச் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஜி.ஆர்.பி.ஆர். என்ற ஏற்பி இல்லாத எலிகளை 2007இல் சோதித்தார்கள். அவை வலியை வழக்கம்போல் உணர்ந்தன, சொறிவது மட்டும் வெகுவாகக் குறைந்தது.

இனி மூளைக்கு வருகிறேன். கீழிருந்து வரும் செய்தியை மட்டும் அது கேட்டுக்கொண்டிருப்பதில்லை, மேலிருந்து உத்தரவும் அனுப்புகிறது. வலிச் செய்தியை விடவோ தடுக்கவோ தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது என்று ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த வாயில் கோட்பாட்டிலேயே இதற்கு இடம் உண்டு. நடுமூளையின் ஒரு பகுதியிலிருந்து தண்டுவடம் வரை இறங்கும் பாதையில், உடலே சுரக்கும் மார்ஃபின் போன்ற பொருள்களும் செரடோனின் என்ற நரம்புச் செய்திப் பொருளும் வலியைத் தணிக்க வேலை செய்கின்றன. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடப்பவர்களைப் பாருங்கள். காலில் கொப்புளம் வெடித்திருக்கும், ஆனாலும் நடை நிற்காது. வீடு திரும்பிய மறுநாள் அதே காலைத் தரையில் ஊன்ற முடியாது. முருகன் அருள் என்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை; அந்த அருள் இறங்கும் வழி இதுவாகவும் இருக்கலாம்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு உண்டு. சொறிந்ததால் உண்டான வலியைத் தணிக்க மூளை செரடோனினை அனுப்புகிறது. அதே செரடோனின் தண்டுவடத்தின் அரிப்பு நரம்பணுக்களையும் கிளறிவிடுகிறது என்று 2014இல் எலிகளில் கண்டார்கள். முதலில் சுகம், பிறகு முன்பைவிட மோசம், மறுபடி சொறிதல், கடைசியில் ரத்தம். (இதைப் படிக்கும்போதே உங்களுக்கு எங்காவது அரித்தால் வியப்பில்லை. அடுத்தவர் சொறிவதைப் பார்த்தாலே நமக்கும் அரிக்கும்.)

இன்னொன்று. எல்லா அரிப்பும் அலர்ஜியின்போது உடல் வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற பொருளால் வருவதில்லை. கண்மாய்க்கரை வேலியில் படரும் பூனைக்காலியின் சுணை வேறு வழியில் அரிப்பைத் தூண்டுகிறது. அலர்ஜி மாத்திரைக்கு அது சரியாக அடங்காது. வயதானவர்களின் வறண்ட தோல் அரிப்புக்கும் மாத்திரையைவிடக் குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவுவது மேல். தடிப்பே இல்லாமல் உடல் முழுதும் வாரக்கணக்கில் அரித்தால் மட்டும் கைவைத்தியம் வேண்டாம். கல்லீரல், சிறுநீரகக் கோளாறுகளும் அப்படித் தொடங்கலாம். மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.