கோன் நூலில் ஷால் பின்னலாமா?

“அன்புள்ள அக்கா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். சென்னிமலைப் பக்கம் இருக்கும் என் அமுச்சி (அம்மாவைப் பெத்த பாட்டி) மார்கழி முழுக்க விடியக்காலையில் கோயிலுக்குப் போவாங்க. கம்பளிச் சால்வை கழுத்தில் பட்டால் அரிக்குது, பாரமா இருக்குதுன்னு எடுத்து வச்சிடுறாங்க. மெல்லிசா, பூ வேலை வச்ச ஷால் ஒண்ணு என் கையால் பின்னித் தர ஆசை. குரோஷா, அதான் கொக்கி ஊசிப் பின்னல், இப்பத்தான் பழகுறேன். முக்கோண ஷால் ஒண்ணு ஆரம்பிச்சேன். துணி அட்டை மாதிரி விறைப்பா வருது, ஒரு ஓரம் சுருங்கிக் கோணலாப் போகுது. கம்பெனியில் மீந்த கோன் நூல் (கூம்பு உருளையில் சுற்றிய பனியன் நூல்) கேட்டால் தருவாங்க. அதில் பின்னலாமா? எந்த ஊசி வாங்கணும்? எனக்கெல்லாம் இது வருமா?”

— ஒரு வாசகி, திருப்பூர்

வரும் அம்மணி, நிச்சயம் வரும். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் குரோஷா பழகுகிற எல்லோருக்கும் வருபவை. இரண்டையும் சரி செய்துவிடலாம். முதலில் விறைப்பைப் பார்ப்போம், உங்கள் நூல் கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

நீங்கள் தினமும் மேஜையில் விரித்துப் பார்க்கிற பனியன் துணியில் ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி நுழைந்து நிற்கிறது, அவ்வளவுதான். குரோஷாவில் ஒவ்வொரு தையலுக்கும் நூல் தன்மேலேயே இரண்டு மூன்று முறை சுற்றிக்கொள்கிறது. அதனால் அதே நூலில் பின்னினாலும் குரோஷா துணி தடிமனாகத்தான் வரும். ஷால் லேசாக இருக்க வேண்டுமென்றால் நூல் மெல்லிசாக இருக்க வேண்டும், ஊசி பெரிதாக இருக்க வேண்டும், தையலுக்கும் தையலுக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும். நிறையப் பேர் கஷ்டமான டிசைனாகத் தேடிப் போகிறார்கள். டிசைன் கஷ்டமாக இருந்தால் ஷால் லேசாகிவிடாது. வெறும் கட்டம் கட்டமான வலைப் பின்னல் போதும், பூ வேலையைக் கடைசி ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

விறைப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். தையல்களின் பெயர் அமெரிக்கர்களுக்கு ஒரு மாதிரி, பிரிட்டிஷ்காரர்களுக்கு ஒரு மாதிரி. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷா என்பதைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் குரோஷா என்கிறார்கள். அமெரிக்க டபுள், பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள். நம் ஊரில் பழைய தையல் வகுப்புகளில் படித்தவர்கள் பலர் பிரிட்டிஷ் பெயரைச் சொல்வார்கள், வீடியோக்களில் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர் வரும். டபுள் என்று நினைத்துக் குட்டைத் தையலைப் போட்டுக்கொண்டு போயிருந்தால் துணி அட்டையாகத்தான் நிற்கும். பெயரை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். ஊசியை உள்ளே விடுவதற்கு முன்பு நூலை ஒரு முறை ஊசிமேல் சுற்றிக்கொள்கிறீர்களா? சுற்றி, பிறகு ஊசியில் இருக்கும் கண்ணிகளை இரண்டிரண்டாக இரண்டு முறை இழுத்து முடித்தால் அது அமெரிக்க டபுள், நமக்கு வேண்டியது அதுதான். கீழே நான் டபுள் என்று எழுதுவதெல்லாம் அந்தத் தையலையே.

சரி, கோன் நூலுக்கு வருவோம். ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் (நூல் கட்டு) எத்தனை இருக்கிறது என்பதுதான் கவுண்ட் கணக்கு. அந்தக் கணக்கில் 30-ம் கவுண்ட் பனியன் நூல் ஒரு கிராமே சுமார் 50 மீட்டர் ஓடும். ஷாலுக்கு ஏற்ற நூல் 100 கிராமுக்கு 400 மீட்டர், அதாவது கிராமுக்கு 4 மீட்டர்தான். அந்தத் தடிமன் வர வேண்டுமானால் 12 இழைக்கு மேல் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கலாம், ஆனால் புதுக்கைக்கு அது பெரிய தொல்லை. பனியன் நூல் மெஷினில் மிருதுவாக ஓடுவதற்காக முறுக்குக் குறைவாக விட்ட ஒற்றை இழை. கொக்கியின் முனை பன்னிரண்டில் ஒன்பதைப் பிடித்து மூன்றை விட்டுவிடும். விட்டுப்போனவை பின்பக்கம் சிறு சிறு வளையமாகத் தொங்கும். அமுச்சியின் வளையலிலும் தோட்டிலும் முதலில் மாட்டுவது அவைதான்.

அதோடு, சாயம் போடாத கோராவாக இருந்தால் பஞ்சின் மெழுகுத்தன்மை நூலில் அப்படியே இருக்கும், ஓட்டத்துக்காக மேலே மெழுகும் தடவியிருப்பார்கள். நனைத்தால் தண்ணீர் சரியாக இறங்காது, முதல் சலவையில் சுருங்கவும் செய்யும். ஆகவே இந்த ஷாலுக்குக் கோன் நூல் வேண்டாம். அதே நூலைப் பல இழை போட்டு முறுக்கி, சாயமும் ஏற்றிய டூப்ளிங் நூலாகக் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

கோன் நூல் வேண்டாம் என்பதால் பருத்தியே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆந்திராவில் நரசாபுரம் பக்கம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பருத்தி நூலில்தான் குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். அமுச்சிக்கு அரிப்பு என்பதால் நானும் பருத்தியைத்தான் சொல்வேன். கம்பளி அரிப்பதற்குக் காரணம், அதில் இருக்கும் தடித்த மயிர்கள். சுமார் 30 மைக்ரானுக்கு மேல் தடித்த மயிரின் முனை தோலில் குத்தும். மெரினோ போன்ற மெல்லிய கம்பளி குத்தாது, ஆனால் விலை அதிகம், பூச்சி வராமல் பார்த்து வைக்கவும் வேண்டும்.

பருத்திக்கும் ஒரு குறை உண்டு. கம்பளிபோல அது இழுத்தால் திரும்பி வராது, எடையும் கூடுதல். பெரிய ஷாலாகப் பின்னினால் தன் பாரத்திலேயே கீழே இறங்கும். அதனால் அளவாகப் பின்னுவோம். பருத்தியும் மூங்கில் இழையும் கலந்த நூல் கிடைத்தால் கழுத்தில் இன்னும் வழுவழுப்பாக உட்காரும். கோபி பக்கம் பட்டு நூல் கிடைக்குமே என்று யோசிக்க வேண்டாம், பட்டு கொக்கியில் நழுவும். அது இரண்டாவது ஷாலுக்கு.

கோவை ராஜவீதி, ஒப்பணக்காரர் வீதிப் பக்கம் போனால் தையல் சாமான், எம்ப்ராய்டரி நூல் விற்கும் கடைகளில் ஏறி இறங்கிப் பாருங்கள். லேபிளில் எத்தனை கிராம், எத்தனை மீட்டர் என்று படியுங்கள். 100 கிராமுக்கு 350 முதல் 400 மீட்டர் வரை இருந்தால் நமக்குச் சரி. அரக்கு, கருநீலம் எல்லாம் அழகுதான், ஆனால் இருட்டு நிறத்தில் தையல் கண்ணுக்குத் தெரியாது. சந்தனம், வெளிர் பச்சை, இளம் ரோஸ் எடுங்கள். மொத்தம் 100 கிராம் போதும், கூட 50 கிராம் அதே சாய லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றியதில், வாங்கி வையுங்கள். பெரிய உருண்டையாகவே வாங்குங்கள், வலைப் பின்னலில் நடுவில் முடிச்சுப் போட்டால் ஒளிக்க இடமே கிடையாது. நூல் தீர்ந்து புது உருண்டை எடுக்கும்படி ஆனாலும் ஓரத்துக்கு வந்த பிறகே மாற்றுங்கள்.

ஊசி விஷயத்தில் லேபிள் பேச்சைக் கேட்க வேண்டாம். அதில் 2.5 அல்லது 3 மி.மீ. என்று இருக்கும், அது நெருக்கிப் பின்னுவதற்கு. நீங்கள் 4.5 மி.மீ. எடுங்கள். கை இறுக்கமாக ஓடுகிறதென்றால் 5 மி.மீ.

இனிப் பின்னல். மேலே கழுத்து நடுவில் ஆரம்பித்துக் கீழே விரியும் முக்கோணம் இது. 4 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு வளையமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வரிசைக்கு 4 செயின் ஏற்றுங்கள். அதில் 3 செயின் ஒரு டபுளுக்குச் சமம், மீதி ஒன்று இடைவெளி. வளையத்துக்குள் ஒரு டபுள், 3 செயின், ஒரு டபுள், ஒரு செயின், ஒரு டபுள். அந்த 3 செயின்தான் ஷாலின் நடுமுதுகு. துணியைத் திருப்புங்கள்.

இரண்டாவது வரிசை முதல் எல்லாம் ஒரே மாதிரி. 4 செயின் ஏற்றி, அது எந்தத் தையலிலிருந்து கிளம்புகிறதோ அதே தையலில் ஒரு டபுள் போடுங்கள். பிறகு ஒரு செயின், கீழ் வரிசையின் அடுத்த டபுள் தலையில் ஒரு டபுள் என்று நடு வரைக்கும் போங்கள். ஒரு செயின் போட்டு, நடுவில் இருக்கும் 3 செயின் இடைவெளிக்குள் ஒரு டபுள், 3 செயின், ஒரு டபுள். திரும்பவும் ஒரு செயின், ஒரு டபுள் என்று மறு ஓரம் வரை. கடைசித் தையலில் ஒரு டபுள், ஒரு செயின், அதே இடத்தில் இன்னொரு டபுள். அவ்வளவுதான் டிசைன்.

உங்கள் ஓரம் சுருங்கியது இந்தக் கடைசித் தையலால்தான் என்று நினைக்கிறேன். வரிசையின் கடைசியில் இருப்பது நிஜ டபுள் அல்ல, போன வரிசை தொடங்கும்போது ஏற்றிய செயின். பார்ப்பதற்குத் தையலாகவே தெரியாது, புதிதாகப் பின்னுபவர்கள் அதை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். வரிசைக்கு ஒரு தையல் போனாலும் பத்து வரிசையில் ஓரம் நன்றாகச் சரிந்துவிடும். 4 செயின் ஏற்றியதும், கீழிருந்து மூன்றாவது செயினில் ஒரு சின்ன ஊக்கு மாட்டி வையுங்கள். அடுத்த வரிசை முடிவில் ஊக்கு இருக்கும் செயினில்தான் அந்தக் கடைசி இரண்டு டபுளும் போக வேண்டும். நடு 3 செயினிலும் ஒரு ஊக்கு வையுங்கள்.

எண்ணிக்கைக்குச் சுலபமான வழி சொல்கிறேன். வரிசை எண்ணை நான்கால் பெருக்கினால் அந்த வரிசையில் இருக்க வேண்டிய டபுள் வந்துவிடும், ஆரம்பத்தில் ஏற்றிய செயினையும் சேர்த்து. பத்தாவது வரிசையில் 40, நடுவுக்கு இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 20. செக்கிங்கில் இருக்கும் கண்ணுக்கு இது பெரிய வேலையே இல்லை. ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். தப்பு தெரிந்தால் தயங்காமல் ஊசியை எடுத்துவிட்டுப் பிரியுங்கள். பனியன் துணியில் ஒரு கண்ணி விட்டால் கீழே வரைக்கும் பிரிந்துகொண்டே போகும். குரோஷாவில் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணிதான், எந்த இடத்தில் நிறுத்துகிறீர்களோ அங்கேயே நிற்கும்.

இப்படி 40 வரிசை வந்தால் நடுமுதுகு சுமார் 70 செ.மீ., மேல் ஓரம் அதன் இரண்டு மடங்கு. தோளைச் சுற்றி முன்னால் முடிந்துகொள்ள அது போதும். ஒன்று ஞாபகம் வையுங்கள், வரிசைகள் நீண்டுகொண்டே போவதால் 28-வது வரிசை முடியும்போதுதான் பாதி வேலை ஆகியிருக்கும். 20-வது வரிசையில் பாதி முடிந்தது என்று எண்ணி, அப்புறம் நகரவே மாட்டேன்கிறதே என்று பலர் அங்கேதான் மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். தினம் இரண்டு வரிசை என்று தொடங்கி, பிற்பாடு தினம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளெல்லாம் கையால் வேலை செய்கிறீர்கள், மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

பூ வேலைக்கு ஒரே ஒரு வரிசை. ஒரு கட்டத்தில் அமெரிக்க சிங்கிள் (முன்பே நூல் சுற்றாமல் போடும் குட்டைத் தையல்), ஒரு கட்டம் விட்டு அடுத்ததில் 7 டபுள், ஒரு கட்டம் விட்டுத் திரும்பவும் சிங்கிள். கீழ் ஓரம் முழுக்க அரைவட்டம் அரைவட்டமாக வரும். கட்டம் பெரிதாக இருந்தால் இன்னும் லேசாகுமே என்று வலைப் பின்னலில் டபுளுக்கும் டபுளுக்கும் இடையில் 2 செயின், 3 செயின் போடாதீர்கள். வயதானவர்கள் கையை உள்ளே விட்டு இழுக்கும்போது விரல் மாட்டும்.

பின்னி முடித்ததும் சுருண்டு, சின்னதாக, அழகில்லாமல் தெரியும். கவலைப்படாதீர்கள், லேஸ் ஷால் எல்லாமே ஊசியிலிருந்து இறங்கும்போது அப்படித்தான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, துண்டில் சுருட்டி ஈரத்தை எடுங்கள். பிறகு இழுத்து விரித்துக் காயவைக்க வேண்டும். குண்டூசி குத்துவதற்கு ஃபோம் மெத்தை இல்லாவிட்டால் கயித்துக்கட்டில் அதைவிட நல்லது. அரைவட்டம் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு நூல் துண்டைக் கோத்துக் கட்டில் சட்டத்தில் கட்டுங்கள். மேல் ஓரத்தைக் கட்டிலின் நீளவாக்கில் நேராக இழுத்துக் கட்டி, கீழ் நுனியை எதிர்ச் சட்டத்துக்கு இழுங்கள். அடியிலும் காற்று போவதால் சீக்கிரம் காயும். நிழலில் வையுங்கள், ஆடிக்காற்று அடிக்கும் நாளாக இருந்தால் கட்டிலை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே அவிழ்க்க வேண்டும். பருத்தி என்பதால் ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் கொஞ்சம் இழுத்து விரிக்க வேண்டிவரும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும், பாயில் பரப்பச் சொல்லுங்கள்.

இந்த ஷால் ஊட்டிக் குளிருக்குத் தாங்காது. சென்னிமலையில் மார்கழி விடியலுக்குக் கழுத்தில் இரண்டு சுற்றாகப் போட்டுக்கொண்டால் போதும், கட்டங்களில் நிற்கிற காற்றே கதகதப்பைத் தரும். நூல் வாங்கியதும் முதல் பத்து வரிசையைப் பின்னி, திறந்திருக்கும் கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டிவிட்டு, அலசிக் காயவைத்து அமுச்சியின் கழுத்தில் ஒரு பொழுது வைத்துப் பாருங்கள். அரிக்கவில்லை என்றால் அதே துண்டிலிருந்து பதினோராவது வரிசையைத் தொடருங்கள். அரித்தால் பிரித்து உருண்டையாகச் சுற்றி வைத்துவிட்டு, வேறு நூல் பாருங்கள்.