குளத்தடி வால்வைப் பார்க்க வீட்டிலேயே ஒரு நீரடி வண்டி

கேள்வி: பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பம்ப் ஹவுஸைப் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர் எடுக்கும் குளம் 5 மீட்டர் ஆழம். உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் புட் வால்வு இலைதழை சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் மூழ்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கேமரா பொருத்திய சிறிய நீரடி வண்டியைத் தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாம் என்று நினைக்கிறேன். பழைய ரிமோட் காரின் ரிமோட்டும் 15 மீட்டர் லேன் கேபிளும் கையில் இருக்கின்றன. அவை போதுமா?

பதில்: வண்டி செய்யலாம். ஆனால் கையில் இருக்கும் அந்த இரண்டு பொருளும் இதற்கு உதவாது. ரிமோட்டை முதலில் ஒதுக்கிவிடுங்கள். வைஃபை, புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நல்ல தண்ணீரிலேயே சில பத்து சென்டிமீட்டருக்குள் செத்துவிடும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் சற்று ஆழம் போகும் என்றாலும், நம்பி இறக்க முடியாது. படத்தை அதில் மேலே கொண்டுவரவும் முடியாது. அதனால் கம்பி வேண்டும். வீட்டில் செய்யும் நீரடி வண்டிகள் பெரும்பாலும் தண்ணீர் புகுந்து கெடுவதைவிட, கம்பியில் வோல்ட் வீணாவதாலும் எடை சமன் சரியில்லாததாலுமே பயனில்லாமல் போகின்றன. இந்த இரண்டையும் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் ஹார்ட்வேர் கடை வேலைதான்.

கம்பிக் கணக்கைப் பார்ப்போம். மோட்டார் ஒன்று 3 ஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். மின்சாரம் போக 15 மீட்டர், திரும்பி வர 15 மீட்டர், ஆக 30 மீட்டர். லேன் கேபிளின் ஓர் இழை மீட்டருக்குச் சுமார் 0.09 ஓம், 30 மீட்டருக்கு 2.7 ஓம். 3 ஆம்பியரில் 8 வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடும். பேட்டரி 12 வோல்ட் என்றாலும் மோட்டாருக்கு 4 வோல்ட்தான் போய்ச் சேரும், வண்டியைத் தள்ளும் விசிறி சோம்பலாகச் சுற்றும். மேலே மேசையில் குட்டைக் கம்பியில் சோதித்தபோது நன்றாக ஓடியதே என்று எல்லாரும் மோட்டாரைக் குறை சொல்வது இந்த இடத்தில்தான். அதே தூரத்துக்கு 1.0 சதுர மி.மீ. செம்புக் கம்பி போட்டால் இழப்பு 1.6 வோல்ட், 1.5 சதுர மி.மீ. போட்டால் 1.1 வோல்ட். உங்களுக்கு 1.0 போதும். இரட்டை இழை ஸ்பீக்கர் ஒயர் வாங்கலாம், வளைந்து கொடுக்கும். ஆனால் நுனியைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கக்கூடும். அலுமினியத்தில் மின்தடை ஒன்றரை மடங்கு. சால்டர் ஈயமும் சரியாகப் பிடிக்காது.

மோட்டாருக்குப் படகில் புகுந்த தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் மூன்று வாங்குங்கள்: 12 வோல்ட், மணிக்கு 500 கேலன் வகை, கார்ட்ரிட்ஜ் (மோட்டார் அடங்கிய உள்பகுதி) தனியாகக் கழலும் மாடல். லுமுட் பக்கம் படகுச் சாமான் விற்கும் கடைகளிலும் இணையத்திலும் தேடலாம். மொத்தச் செலவில் பெரும் பங்கு இதற்குத்தான் போகும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண பொம்மை மோட்டாரைச் சிறு டப்பாவில் வைத்து மெழுகு ஊற்றி அடைக்கும் முறையும் உண்டு. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் சீ கிரான்ட் என்னும் கடலாய்வுப் பிரிவு 2003இல் தொடங்கிய சீபெர்ச் பள்ளித் திட்டத்தில் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். கற்றுக்கொள்ள அது அருமையான வழி. வாராவாரம் குளத்தில் இறக்கி வேலை வாங்க, தண்டு வழியே தண்ணீர் புகாதபடி சீல் போட்டு வரும் பில்ஜ் மோட்டார்தான் தாங்கும்.

கார்ட்ரிட்ஜைத் திருகிக் கழற்றியதும் நுனியில் தண்ணீரைத் தள்ளும் பிளாஸ்டிக் சக்கரம், அதாவது இம்பெல்லர், தெரியும். அதை ஸ்க்ரூட்ரைவரால் நெம்பாதீர்கள். நெம்பினால் தண்டு வளையும், பின்னால் இருக்கும் ரப்பர் சீல் கிழியும். இம்பெல்லரைச் சிறு இடுக்கியால் துண்டுதுண்டாக உடைத்து எடுப்பதே பத்திரம். தண்டு பெரும்பாலும் 3.2 மி.மீ. இருக்கும், இருந்தாலும் அளந்து பார்த்த பிறகே தண்டையும் விசிறியையும் இணைக்கும் பித்தளைக் கப்ளிங் வாங்குங்கள். அதில் 50 அல்லது 60 மி.மீ. மூவிதழ் பொம்மைப் படகு விசிறியை மாட்டுங்கள். 60க்கு மேல் போனால் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்துச் சூடாகும். தண்ணீருக்கு வெளியே ஓரிரு விநாடிக்கு மேல் ஓட்ட வேண்டாம். சீலுக்குத் தண்ணீர்தான் வழவழப்பு.

சட்டத்துக்கு அரை அங்குல பிவிசி பைப் ஒரு முழு நீளம் போதும். 40 செ.மீ. நீளம், 30 அகலம், 25 உயரம். மூன்று பக்கம் திரும்பும் மூலை எல்போ எல்லாக் கடையிலும் கிடைக்காது. அதனால் பக்கச் சட்டங்கள் இரண்டைத் தனித்தனியாகச் செய்து, நான்கு குறுக்குப் பைப்பால் இணைத்துவிடுங்கள். மேலே நடுவில் முன்பின்னாக ஒரு பைப். வளைவு மூட்டான எல்போ 8, T வடிவ மூட்டான டீ 10 ஆகும். பசை வேண்டாம், ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு ஸ்டெயின்லெஸ் திருகு போடுங்கள். எப்படியும் பிரித்து மாற்ற வேண்டியிருக்கும். பைப்புகளில் மேலும் கீழுமாக 6 மி.மீ. துளைகள் போட மறக்காதீர்கள். துளை இல்லாவிட்டால் உள்ளே சிக்கிய காற்று மெதுவாக வெளியேறி, கால் மணி நேரம் கழித்து வண்டி தானாகக் கனத்துவிடும்.

இரண்டு மோட்டார் பின்னால் இடமும் வலமும், மூன்றாவது நடுப் பைப்பில் செங்குத்தாக. பின் மோட்டார்களைச் சட்டத்தின் பாதி உயரத்தில் கட்டுங்கள். அடியில் கட்டினால் முன்னே செலுத்தும்போது மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். பிள்ளைகளின் விரலுக்கும் ஆகாயத்தாமரை வேருக்கும் எட்டாதபடி விசிறியைச் சுற்றி வலை போடுங்கள். கண் அகலம் 1 செ.மீ. இருக்கட்டும், அதைவிட நெருக்கமானால் உந்துவிசை குறையும்.

எடை சமனுக்குப் பொறுமை வேண்டும். மிதவை மேலே, பாரம் கீழே. அப்போதுதான் வண்டி தானாக நிமிர்ந்து நிற்கும். மிதவைக்கு 2 அங்குல பிவிசி பைப் 30 செ.மீ. துண்டு இரண்டு, இரு முனையிலும் மூடி போட்டுப் பசையால் ஒட்டியது. ஒவ்வொன்றும் சுமார் அரைக் கிலோ தூக்கும். நீச்சல் குளத்து நுரைக் குழாய் மலிவுதான். ஆனால் ஆழம் போகப் போக அது அமுங்கும். அமுங்கினால் தூக்கும் சக்தி குறையும். 5 மீட்டரில் வண்டி மேலே வர மறுக்கும். பிவிசி மிதவை அப்படி ஏமாற்றாது. பாரத்துக்குத் தூண்டில் ஈயக் குண்டு, பழைய நட்டு எது கிடைத்தாலும் சரி, சட்டத்தின் அடிப் பைப்பில் கேபிள் டையால் கட்டுங்கள்.

எந்த அளவுக்குச் சமன்? நீல டிரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, கேமரா, கம்பி எல்லாம் மாட்டிய பிறகு இறக்குங்கள். மிதவையின் முதுகு மட்டும் லேசாகத் தெரிய வேண்டும். அதன் மேல் 50 முதல் 100 கிராம் வைத்தால் மூழ்க வேண்டும். இப்படிச் சற்றே மிதக்கும் நிலையில் வைப்பதற்குப் பேட்டரி தீர்ந்தால் தானாக மேலே வரும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சேறு. மிதக்கும் வண்டியைக் கீழே பிடித்து நிறுத்த விசிறி தண்ணீரை மேல்நோக்கித் தள்ளும், அடியில் சேறு அசையாது. மூழ்கும் வண்டி என்றால் அதைத் தூக்கி நிறுத்த விசிறி கீழ்நோக்கி ஊத வேண்டும். உங்கள் குளத்தில் அடுத்த நொடியே திரையில் செம்மண் தவிர வேறொன்றும் தெரியாது.

கேமராவுக்குக் காரின் ரிவர்ஸ் கேமராவும் அதன் 4.3 அங்குலத் திரையும் போதும். இரண்டும் 12 வோல்ட். கண்ணாடி ஜன்னல் வைத்த பெட்டி செய்ய வேண்டாம்: 60 மி.மீ. வட்ட ஜன்னல் மீது 5 மீட்டர் ஆழத்தில் சுமார் 14 கிலோ பாரம் அழுத்தும், காற்று இருக்கும் பெட்டிக்குள் நம் ஊர் ஈரப்பதத்தில் பனியும் படியும். கேமராவை ஒரு பிவிசி மூடிக்குள் நிறுத்தி, லென்ஸ் விளிம்புவரை எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பிசின்) ஊற்றி இறுக்கிவிடுங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் எபாக்ஸி கொதித்துக் கேமராவைக் கெடுக்கும், 1 செ.மீ. அடுக்காக, முந்தியது ஆறிய பின் அடுத்தது.

கம்பி நுழையும் இடத்தைக் கவனமாகச் செய்யுங்கள். வெளியே எவ்வளவு பூசினாலும், மேலுறையில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும். தண்ணீர் உறைக்குள்ளேயே மெல்லிய இழைகளுக்கு நடுவில் ஊர்ந்து கேமராவுக்குள் வந்துவிடும். எபாக்ஸிக்குள் போகும் பகுதியில் ஒவ்வொரு கம்பியின் உறையையும் 1 செ.மீ. உரித்து, இழைகளுக்குள் ஈயம் ஊறும்வரை சால்டர் செய்து, அந்தத் திறந்த பகுதி ஒன்றோடொன்று தொடாமல் எபாக்ஸியில் புதையும்படி விடுங்கள். அதோடு தண்ணீரின் பாதை அடைபடும். ஹாட் குளூ பிவிசி உறையில் ஒட்டி நிற்காது. வினிகர் வாசம் வரும் சிலிக்கான் செம்பை அரிக்கும், வாசமில்லாத நியூட்ரல் வகை வாங்குங்கள்.

படத்தை மேலே கொண்டுவர உங்கள் லேன் கேபிளை நினைக்கத் தோன்றும். அதைவிட மெல்லிய வீடியோ கோஆக்ஸ் கேபிள் 15 மீட்டர் வாங்கினால் தலைவலி இல்லை. கேமராவுக்குத் தனியாக ஒரு சிறு 12 வோல்ட் பேட்டரி கொடுங்கள். மோட்டார் பேட்டரியிலிருந்தே எடுத்தால் விசிறி சுற்றும்போதெல்லாம் திரையில் கோடு ஓடும். தண்ணீருக்குள் பொருள்கள் முக்கால் தூரத்தில் இருப்பதாகத் தெரியும், 40 செ.மீ. தள்ளியுள்ள வால்வு 30 செ.மீ.யில் இருப்பது போல. ஓட்டுபவருக்கு இதைச் சொல்லிவையுங்கள். விளக்கை லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் மிதக்கும் தூசிதான் வெள்ளையாக மின்னும். இரண்டு சிறு எல்இடியை 20 செ.மீ. தள்ளி, சாய்வாக வையுங்கள்.

கட்டுப்பாட்டுக்கு ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு சுவிட்ச். ஆறு முனை உள்ள டிபிடிடி வகை, நடுவில் ஆஃப், இருபுறமும் அழுத்தினால் மட்டும் பிடிக்கும், கையை எடுத்தால் நடுவுக்கே திரும்பும். 12 வோல்ட் டிசியில் 10 ஆம்பியர் தாங்க வேண்டும். நடு இரு முனையில் மோட்டார், ஒரு பக்க இரு முனையில் பேட்டரி, அங்கிருந்து எதிர்ப் பக்கத்துக்குக் குறுக்காக இரண்டு கம்பி. மேல் பக்கம் முன், கீழ்ப் பக்கம் பின். ஆர்டுயினோ என்னும் குட்டிக் கணினிப் பலகை, வேகக் கட்டுப்பாடு எல்லாம் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள்தான். இந்த வண்டி ஒழுங்காக ஓடிய பிறகு தொடங்குங்கள். சுவிட்சில் பழுது பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

ஒவ்வொரு மோட்டாருக்கும் 5 ஆம்பியர் பியூஸ், பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டி 15 ஆம்பியர் பெரிய பியூஸ். அலாரத்துக்குப் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, மூன்று மோட்டாரும் சேர்ந்து ஓடினால் அரை மணி நேரம் வரும். விட்டுவிட்டு ஓட்டுவதால் ஒரு சோதனைக்குப் போதும். கரண்ட் பிளக்கில் செருகும் அடாப்டர், சார்ஜர் எதையும் குளத்தங்கரைக்குக் கொண்டுவராதீர்கள். பேட்டரி மட்டும்தான். இதில் எந்தச் சலுகையும் கிடையாது.

மூன்று ஸ்பீக்கர் ஒயர், ஒரு கோஆக்ஸ், விளக்குக் கம்பி, இவற்றோடு 4 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் கயிறு. அந்தக் கயிறு தண்ணீரில் மிதக்கும், அதனால் அதுவே நல்லது. எல்லாவற்றையும் அரை மீட்டருக்கு ஒரு முறை டேப்பால் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் சிறு துண்டு நுரை வையுங்கள். கட்டு தண்ணீரில் மூழ்காமலும் மேலே துள்ளாமலும் கிடக்க வேண்டும். கயிற்றை மட்டும் சட்டத்தில் முடிந்து, கம்பிகளை ஒரு சாண் தளர்வாக விடுங்கள். வண்டி எங்காவது மாட்டினால் இழுப்பது கயிற்றைத்தான்.

இறக்கும் நாளில் முதல் வேலை பம்பை நிறுத்தி, மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்வது. ஓடும் உறிஞ்சு குழாய் வண்டியையும் கம்பியையும் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அரை மணி நேரம் தெளியட்டும். மாலை மழைக்கு முன், இரண்டு மூன்று நாள் வெயிலுக்குப் பின் வரும் காலைதான் சரியான நேரம். குழாய்க்கு ஒரு மீட்டர் தள்ளி இறக்கி, மேலிருந்து சாய்வாக வால்வை நெருங்குங்கள். கம்பி குழாயைச் சுற்றாமல் ஒருவர் கரையில் அளவாக விட்டுக்கொண்டே இருக்கட்டும். பிள்ளைகளுக்கு உயிர்காப்பு மேலங்கி கட்டாயம். பழைய ஈயச் சுரங்கக் குட்டையை நீர்நிலையாக்கியிருந்தால் கரையிலிருந்து ஓரடி வைத்தாலே ஆழமாக இருக்கும், விளிம்பில் யாரும் நிற்க வேண்டாம். எலி சிறுநீர்க் கிருமிக்காகக் காலில் புண் உள்ளவர் தண்ணீரில் இறங்காமல், எல்லாரும் பிறகு சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.

அடைப்பு சல்லடையின் வெளியே இலையாக இருந்தால், சட்டத்தின் முன்னால் வளைத்த ஸ்டெயின்லெஸ் கம்பிக் கொக்கி ஒன்றை மாட்டி, பின்னோக்கி ஓட்டி உரித்தெடுக்கலாம். வால்வின் உள்ளே தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் நாக்கு மூடாமல் நிற்பதாகத் தெரிந்தால் இந்த வண்டியால் ஆகாது. குழாயைத் தூக்கத்தான் வேண்டும். ஆனால் ஆளை இறக்காமலே அது தெரிந்துவிடும். அடுத்து பிள்ளைகள் பங்கோர் கடலில் ஓட்டிப் பார்க்கக் கேட்டால், கடல் நீர் நன்னீரைவிட இரண்டரை விழுக்காடு கனம்: 5 கிலோ நீரை விலக்கும் வண்டிக்கு 125 கிராம் பாரம் கூடுதலாகக் கட்டுங்கள், வந்ததும் நன்னீரில் கழுவுங்கள்.