படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் பல வருடம் சும்மா கிடந்தால் மறுபடி ஓட்ட முடியுமா?

1950களில் வந்த 5.5 எச்.பி. ஜான்சன் மோட்டார் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். கயிற்றை இழுத்தால் சுற்றுகிறது, ஆனால் பற்ற மாட்டேன் என்கிறது. இதைச் சரி செய்து படகில் மாட்டி வழக்கமாக ஓட்டலாமா, அல்லது துடைத்து அலமாரியில் வைத்துவிட வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓட்டலாம். தாராளமாக ஓட்டலாம். ஆனால் அந்தக் கயிற்றை இழுப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். பல வருடம் காய்ந்து கிடந்த சிலிண்டரில் எண்ணெய் இல்லாமல் பிஸ்டன் உரசுவது நல்லதல்ல. கீழே தண்ணீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரும் கல் மாதிரி இறுகிப் போயிருக்கும். தண்ணீர் இல்லாமல் அதைச் சுற்றினால் இறக்கைகள் உடைந்து, அந்தத் துண்டுகள் குளிர்நீர்க் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றி, ஓட்டைக்குள் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை விட்டு, ஒரு நாள் அப்படியே விடுங்கள்.

பழைய மோட்டார்களோடு பழகியதில் எனக்குத் தெளிவான ஒரு விஷயம் இது: இவற்றில் உலோகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பிஸ்டன், கிராங்க், பல்சக்கரம் எல்லாம் இன்னும் ஒரு தலைமுறைக்கு வரும். வயதாகிப் போவது மெத்தென்ற பொருட்கள்தான்: ரப்பர், கார்க், கேஸ்கெட், வயரின் உறை, காயிலின் மேல்பூச்சு. 'மோட்டார் செத்துப்போச்சு' என்று ஒதுக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை இந்த அற்ப சாமான்களால்தான் நின்றிருக்கின்றன. அதனால் எங்கே தேடுவது என்று குழம்ப வேண்டியதில்லை. மெத்தென்று இருக்கும் ஒவ்வொன்றையும் சந்தேகப்படுங்கள்.

முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) பாருங்கள், ஏனென்றால் பணமும் நேரமும் போடலாமா என்று முடிவு செய்வது அதுதான். இந்த வயது மோட்டாரில் எண் கொஞ்சம் குறைவாக வந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டுகின்றனவா என்பதுதான் முக்கியம். ஒன்று நன்றாகவும் இன்னொன்று பாதியாகவும் இருந்தால் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கலாம், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இரண்டுமே சரி செய்யக்கூடியவை. சிலிண்டர் சுவரில் நகம் சிக்குகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் மட்டும் நான் யோசிப்பேன்.

அடுத்தது தீப்பொறி. பேட்டரி கிடையாது, எல்லாம் மேலே சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலுக்கு அடியில், காந்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டோதான். அதற்குள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறிக்கான மின்சாரம் தரும் ஒரு காயில், திறந்து மூடும் சுவிட்ச் போன்ற ஒரு பாயிண்ட், அந்தப் பாயிண்ட் கருகாமல் காக்கும் ஒரு கண்டன்சர். ஃபிளைவீலைக் கழற்றுவதில் பலரும் அவசரப்படுகிறார்கள். விளிம்பைப் பிடித்து இழுக்கும் தாடை வகை புல்லர் வேண்டாம். ஃபிளைவீலின் நடுப்பகுதியிலேயே மூன்று திருகு ஓட்டைகள் இருக்கும், அதில் போல்ட் போட்டு இழுக்கும் புல்லர்தான் இதற்குச் சரி. கிராங்கின் நுனியைச் சுத்தியலால் அடிக்கவே கூடாது. திரும்பப் பொருத்தும்போது கூம்பான பகுதியை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, ஃபிளைவீலை கிராங்கோடு பூட்டும் சிறு உலோகத் துண்டான சாவி சரியாக உட்கார்ந்ததைப் பார்த்து, நட்டைத் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு முறுக்குங்கள். இதில் தளர்வு இருந்தால் ஓடும்போது சாவி வெட்டுப்பட்டு டைமிங் மாறிவிடும்.

உள்ளே பார்த்தவுடன் காயில்களைக் கவனியுங்கள். ஜான்சன், எவின்ரூட் இரண்டும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருந்த காலம் அது. 1950களின் காயில் உறைகள் வயதானால் காய்ந்த வயல் மாதிரி வெடித்துப் போகும். அந்த வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போய், தீப்பொறி பிளக்கைச் சேராமல் வழியிலேயே கசிந்துவிடும். வெடிப்பு கண்ணில் பட்டால் சோதனை எதுவும் தேவையில்லை, மாற்றிவிடுங்கள். ஆறுதலான விஷயம், ஒரே காயில்தான் பல வருடங்களின் பல மாடல்களுக்குப் பொருந்தும், இப்போதும் புதிதாகச் செய்கிறார்கள். பொருத்தும்போது காயிலின் இரும்புக் கால்கள் மேக்னட்டோ தட்டில் கடைந்து வைத்திருக்கும் விளிம்போடு சமமாக நிற்க வேண்டும். வெளியே துருத்தினால் ஃபிளைவீலில் உரசும், உள்ளே போனால் பொறி பலவீனமாகும்.

காயில் நன்றாக இருந்தும் பொறி வரவில்லையா? பாயிண்டின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம் படிந்திருக்கும். சும்மா கிடந்த மோட்டார் பற்றாமல் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். அசிட்டோனில் நனைத்த கெட்டி அட்டையை இரண்டு முகங்களுக்கும் நடுவே வைத்து இழுத்தாலே பல நேரம் உயிர் வந்துவிடும். பிறகு பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் ஃபீலர் கேஜை விட்டு 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். இரண்டு பாயிண்டுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும். நல்ல மேக்னட்டோ என்றால் திறந்த காற்றில் 6 மில்லிமீட்டர் தூரத்தைப் பொறி நீலமாகத் தாண்டும். பெட்ரோல் வாசனை இருக்கும் இடத்தில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

அப்புறம் கார்புரேட்டர். பழைய பெட்ரோல் காய்ந்து அரக்கு மாதிரி ஒட்டியிருக்கும். கழற்றி ஊற வைத்து, துளைகளைக் காற்றால் ஊதுங்கள். கம்பியை விட்டுக் குடைந்தால் துளையின் அளவு மாறிப்போகும். மிதவை கார்க்காக இருந்தால் அதன் மேல் பூச்சு இருக்கும். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் பழைய ஷெல்லாக் பூச்சைக் கரைத்துவிடும். கார்க் பெட்ரோலை உறிஞ்சி கனமாகி மூழ்கும், கார்புரேட்டர் வழியும். கார்க்கை நன்றாகக் காய வைத்து மேலே சூப்பர் குளூவை மெல்லிய பூச்சாகத் தடவினால் எத்தனாலைத் தாங்கும். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதையே போடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் தின்னும்.

உங்கள் மாடலில் தனி டேங்கும் அதிலிருந்து இரட்டைக் குழாயும் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதில் பெட்ரோல் பம்பு கிடையாது. மோட்டார் ஒரு குழாய் வழியாக டேங்குக்குள் காற்றழுத்தம் கொடுக்கும், அந்த அழுத்தம் இன்னொரு குழாய் வழியாகப் பெட்ரோலைத் தள்ளும். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் மூடியின் கேஸ்கெட்டோ குழாயோ பழுதாகியிருந்தால் அழுத்தத்தோடு பெட்ரோல் படகுக்குள் பீய்ச்சும். கேஸ்கெட், டயாஃப்ரம், குழாய் மூன்றையும் புதிதாக்காமல் அந்த டேங்கைப் பயன்படுத்தாதீர்கள்.

கீழ்ப்பகுதிக்கு வருவோம். இம்பெல்லரை யோசிக்காமல் மாற்றுங்கள். கியர் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல்களை மாற்ற வேண்டும். இங்கே ஏமாந்துபோக ஒரு இடம் இருக்கிறது: பல ஜான்சன், எவின்ரூட் கீழ்ப்பகுதிகளில் பக்கவாட்டில் நட்சத்திரத் தலை உள்ள ஒரு திருகு தெரியும். அது ஆயில் திருகு அல்ல, உள்ளே கியர் மாற்றும் பாகத்தைத் தாங்கும் திருகு. அதைக் கழற்றினால் உள்ளே பாகம் நழுவி, முழுக் கீழ்ப்பகுதியையும் பிரிக்க வேண்டி வரும். ஒற்றைக் கோடு வெட்டிய திருகுகள்தான் ஆயிலுக்கு. புது ஆயிலைக் கீழ் ஓட்டையிலிருந்து மேல்நோக்கி ஏற்றுங்கள். மேல் ஓட்டையில் ஆயில் எட்டிப்பார்க்கும்போது உள்ளே காற்று தங்கியிருக்காது.

எல்லாப் பழைய மோட்டாருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1931 முதல் 1996 வரை இங்கிலாந்தில் தயாரான பிரிட்டிஷ் சீகலை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த மோட்டார். அதன் கியர்பாக்ஸில் இறுக்கமான சீல் கிடையாது, கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்தேதான் வடிவமைத்தார்கள். அதில் வெளுத்த ஆயில் சகஜம். கெட்டியான 140 கியர் ஆயிலை ஊற்றி அடிக்கடி நிலை பார்த்தால் போதும். ஜான்சனில் அதே வெளுப்பு தெரிந்தால் பல்சக்கரத்துக்கு ஆபத்து.

பெட்ரோலில் ஆயில் கலக்கும் விஷயத்திலும் இப்படித்தான். இன்றைய பழக்கத்தில் எல்லாரும் 50:1 என்று கலக்கிறார்கள். 1950களின் ஜான்சனுக்கு 24:1 வேண்டும், அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 210 மில்லி ஆயில். பழைய சீகலுக்கு 10:1, 5 லிட்டருக்கு அரை லிட்டர்! அந்தக் காலத்து வெண்கலப் புஷ் பேரிங்குகள் அந்த ஆயிலை நம்பித்தான் வாழ்கின்றன. புகையைக் குறைக்க ஆயிலைக் குறைத்தால் பேரிங்தான் விலை கொடுக்கும். ஆயில் டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அது தண்ணீரில் குளிரும் அவுட்போர்டுக்கானது. பைக்குக்கான 2டி ஆயிலின் கணக்கு வேறு.

இப்போது ஓட்டலாம். பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, பம்பு மூழ்கும்படி வைத்துப் பற்ற வையுங்கள். இந்த வயது மோட்டார்களில் தண்ணீர் வருகிறது என்று காட்டும் தனிப் பீய்ச்சல் இருக்காது. பின்பக்கப் புகைத் துளைகளில் புகையோடு நீர்த்துளி தெறிக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். நம்பிக்கை வரவில்லை என்றால் சிலிண்டர் ஹெட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுர்ரென்று கொதித்தால் உடனே நிறுத்துங்கள்.

பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளான கார்புரேட்டர் நீடில்களை டிரம்மில் முழுசாகச் சரி செய்ய முடியாது. கலங்கிய தண்ணீரில் சுமையும் சரியாக இருக்காது, தன் புகையையே மோட்டார் மறுபடி சுவாசிக்கும். மெது நீடிலை மெல்ல மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து வைத்தால் பற்றும். மீதியைப் படகில் செய்யுங்கள். நன்றாகச் சூடான பிறகு, உங்கள் மாடலில் வேக நீடில் இருந்தால் முழு வேகத்தில் முதலில் அதைச் சீராக்குங்கள். பிறகு கியரில் வைத்து மெதுவாக ஓடவிட்டு, மெது நீடிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் சில நொடி காத்திருங்கள். ஒரு கட்டத்தில் கார்புரேட்டர் வழியாக 'தும்' என்று தும்மும். பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அங்கிருந்து கால் சுற்று திறந்துவிடுங்கள். அந்த இடத்தில் மோட்டார் அடங்கி, ஒரே தாளமாக ஓடும் சத்தம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இந்த வேலையெல்லாம் செய்கிறேன்.

வழக்கமாக ஓட்டுவதற்கு வேறு பெரிய ரகசியம் இல்லை. புரொப்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சிறு கம்பியான ஷியர் பின், கல்லில் மோதினால் உடைய வேண்டும், அதற்காகத்தான் அது இருக்கிறது. அதற்குப் பதில் ஆணியை வெட்டிப் போட்டால் அடுத்த அடி பல்சக்கரத்துக்கு விழும். சரியான பின் இரண்டும், பிளக் இரண்டும், பிளக் ஸ்பேனரும், துடுப்பும் படகிலேயே இருக்கட்டும். கிளட்ச் இல்லாத சீகல் போன்ற மோட்டார் பற்றிய நொடியே படகு கிளம்பிவிடும் என்பதால் முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கயிற்றைச் சுற்றுங்கள். ஃபிளைவீல் திறந்தபடி சுற்றும், தொங்கும் துணியும் முடியும் அதன் பக்கம் போகக் கூடாது.

உப்புத் தண்ணீரில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுங்கள். 1909-இல் ஓலே எவின்ரூட் விற்கத் தொடங்கிய 1.5 எச்.பி. மோட்டார் 28 கிலோ எடை. எடை குறையட்டும் என்று பின்னாளில் அவரே அலுமினியத்துக்குப் போனார். தூக்க எளிதானது, ஆனால் அலுமினியத்துக்குள் எஃகு போல்ட்டும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, போல்ட் இறுகி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறியும். ஊடுருவும் எண்ணெய் விட்டு, சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுங்கள். திரும்பப் போடும்போது ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் தன் பெட்ரோலில் கணிசமான பங்கை எரிக்காமலே தண்ணீரில் விடும். அமெரிக்காவின் தாஹோ ஏரியில் 1999 முதல் இவற்றுக்குத் தடை வந்தது இதனால்தான். குடிநீர் ஏரியிலோ தடை உள்ள இடத்திலோ ஓட்டாதீர்கள். சரியான நீடில் நிலையும் அளவான பயணமும் என்று வைத்துக்கொள்வதுதான் நான் இதற்குக் கண்ட வழி.

ஓட்டி முடித்ததும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் காலியாகும் வரை ஓடவிடுங்கள். மோட்டாரை நிமிர்த்தியே வையுங்கள். கீழ்ப்பகுதி மேலே போகும்படி படுக்க வைத்தால் புகைக்குழாயில் தங்கிய தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும்.

ஒருவேளை கிளாம்ப் தளர்ந்து மோட்டார் தண்ணீருக்குள் விழுந்துவிட்டால், எடுத்ததும் மெல்லச் சுற்றிப் பாருங்கள். தடை தெரிந்தால் உள்ளே மணல் இருக்கிறது, பிரிக்காமல் வழியில்லை. தடையின்றிச் சுற்றினால் நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியே தள்ளி, உள்ளே ஆயில் விட்டு, அன்றே பற்ற வைத்து அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். அன்றே முடியாது என்றால் காயும்படி வெளியே வைக்காதீர்கள், நல்ல தண்ணீரில் முழுசாக மூழ்க வைத்துவிடுங்கள். துருப் பிடிப்பது காற்றுப் படும்போதுதான்.