குளத்தை இலவசமாகத் தூர் வாருகிறேன் என்று வருபவரை நம்பலாமா?

மலேசியாவின் பகாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து மாடு வளர்க்கும் அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தோட்டத்துப் பழைய குளம் இரண்டு ஏக்கர் இருக்கும். இப்போது மாடு இறங்கினால் சேற்றில் சிக்கிக்கொள்கிறது. குத்தகையாளர் (காண்ட்ராக்டர்) ஒருவர், மணலை எடுத்துக்கொண்டு ஒரே வாரத்தில் இலவசமாகத் தூர் வாரித் தருகிறேன், பெர்மிட்டுக்கு மட்டும் முன்பணம் கொடுங்கள் என்கிறார். கரைக்கு அடியில் பெரிய குழாய் பதித்தால், பாலைவன நாட்டு அணைகளில் செய்வதுபோல் மண் தானாகவே வெளியேறிவிடுமாம். செய்யலாமா?"

வேண்டாம் அம்மா. முன்பணமாக ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

இரண்டு ஏக்கரில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சேறு என்றாலே சுமார் 8,000 கன மீட்டர். லாரிக்கு 8 கன மீட்டர் வைத்தாலும் 1,000 நடை. தோட்டத்து மண்பாதையில் ஒரு வாரத்தில் இது நடக்கிற காரியமா? ஓடை வந்து விழும் முனையில் கிடக்கும் மணலை மட்டும் அள்ளிக்கொண்டு அவர் போய்விடுவார். நீரின் வேகம் குறைந்ததும் கனமான மணல் அங்கேயே படிந்துவிடும். மெல்லிய களிச்சேறுதான் கரைப்பக்கம் வரை வந்து தங்கும். மணலுக்கு விலை உண்டு, சேற்றுக்குக் கிடையாது. உங்கள் மாடு சிக்குவதோ சேற்றில்.

மணல் ஆசையில் பழைய தரையையும் தாண்டித் தோண்டுவார்கள், அதுதான் எனக்குப் பெரிய பயம். அடியில் இருக்கும் களிமண் படுகைதான் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைக் கிழித்துவிட்டால் அடுத்த வறட்சிக்குக் குளம் தாங்காது. கரையின் காலடியில் இயந்திரத்தை விட்டால் கரையே சரியும்.

குழாய் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. வறண்ட நாடுகளில் மழை குறைவு. ஆனால் மண்ணை மூடப் புல் பூண்டு இல்லாததால், பெய்கிற ஒரு மழையே மலைமலையாக மண்ணைக் கொண்டுவந்து அணையில் தள்ளிவிடும். ஈரானின் செஃபித் ரூத் அணையில் 1980 முதல் சில ஆண்டுகள் அடிமதகைத் திறந்து மண்ணை வெளியேற்றினார்கள். எப்படி? பாசனக் காலம் முடிந்ததும் அணையை முழுக்கக் காலி செய்து, ஆற்றை அதன் பழைய பள்ளத்திலேயே மாதக்கணக்கில் ஓடவிட்டார்கள். அந்த வேகம்தான் மண்ணை அரித்துக்கொண்டு போனது. குறுகி நீண்ட நீர்த்தேக்கம், ஆற்றுப் படுகை மட்டத்தில் பெரிய மதகு, வலுவான நீரோட்டம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் இது பலிக்கும். நீர் நிற்கும்போது குழாயைத் திறந்தால், அரிசி மூட்டையின் அடியில் ஓட்டை போட்டதுபோல் குழாய் வாயருகே மட்டும் ஒரு குழி விழும். மற்ற சேறு அசையாது. மாடுகளுக்குத் தினமும் தண்ணீர் காட்ட வேண்டிய நீங்கள் குளத்தை மாதக்கணக்கில் காலியாகப் போட முடியுமா? கரையைத் துளைத்தால் அந்தக் குழாயை ஒட்டியே நீர் கசிந்து கரை உடையவும் கூடும்.

பெர்மிட்டுக்கு வருகிறேன். தேசிய நிலச் சட்டப்படி, நிலம் யாருடையதாக இருந்தாலும் மணலை வெளியே கொண்டுபோக நில அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதுதான் போராங் 4சி என்னும் அனுமதிப் படிவம். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நாளை லாரி பிடிபடும்போது அவர் காட்டப்போவது உங்கள் கையெழுத்தைத்தான். முதலில் குளம் யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் கேளுங்கள். நேராகப் போனால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டும், தோட்ட நிர்வாகம் தலைமையகத்தைக் கைகாட்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரு குளத்தைத் தூர் வார ஏழை ஜனங்களை இப்படி அலைய விடுவதால்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். ஆனாலும் எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டில் செம்பனை மறுநடவு நடக்கிறதா என்றும் பாருங்கள். வெட்டவெளியான சரிவிலிருந்து மண் வந்துகொண்டே இருந்தால் தூர் வாரிப் பயனில்லை. மண்ணை மூடும் கொடிப்பயிர் போடவும், ஓடை குளத்தில் விழுவதற்கு முன் ஒரு சில்ட் பிட் (வரும் மண் படிந்து தங்கும் குழி) வெட்டவும் நிர்வாகத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அந்தக் குழியை அள்ளிவிட வேண்டும்.

இப்போதைக்கு ஒரு நீள மூங்கிலை எடுத்துக்கொண்டு, இரண்டு பேராகச் சம்பானில் (சிறு படகில்) போய்ப் பத்திருபது இடத்தில் குத்திப் பாருங்கள். கெட்டித் தரை தட்டும் வரை எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆழத்தைத் தாண்டி யாரையும் தோண்ட விடாதீர்கள். தோண்டுவதையும் வறட்சி மாதத்தில், பாதிக் குளமாகச் செய்யச் சொல்லுங்கள். மறுபாதி மாடுகளுக்கு வேண்டும்.